இசக்கிசெல்வியின் இரும்புக் குழாய்

இசக்கிசெல்வி குழாயைத் தொடுகிறாள். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் மிளகுக் கிடங்கின் மாடியறைதான் அவள் வேலை செய்யும் இடம். சன்னலோரமாகப் பழைய இரும்புத் தண்ணீர்க் குழாய் இறங்குகிறது. அதைத் தொட்டுவிட்டுத்தான் மேசைமேல் கிடக்கும் சர்க்யூட் போர்டில் விரல் வைப்பாள். சாயா குடிக்க மாடியேறிய நான், என்ன சாமி என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"சாமியுமில்லை பூதமுமில்லை சேட்டா. உடம்புல இருக்கிற கரண்டு தரையில இறங்கட்டும். இல்லேன்னா சிப்பு அடிச்சுப் போவும்."

தென்காசிப் பக்கமிருந்து அரிசி மூட்டை சுமக்க வந்தவரின் மகள். மலையாளத்தில் சண்டை போடுவாள், தமிழில் சிரிப்பாள். புதுப் போர்டுகளில் லினக்ஸ் என்ற மென்பொருளை ஓடவைப்பது வேலை. லினக்ஸின் மூளையான கெர்னலுக்குப் புதுப் போர்டு அந்நியம். நினைவகம் எங்கே, எந்தக் கம்பி எதற்கு என்று இவள்தான் எழுதிக் கொடுக்கவேண்டும். கல்யாண வீட்டுக்கு வந்த வெளியூர்க்காரருக்குப் பந்தி முதல் கழிப்பறை வரை காட்டிக்கொடுக்கிற மாதிரி.

இந்தப் போர்டு மீன்பிடிப் படகின் ஐஸ் அறைக்கு. குளிர் குறைந்தால் கூவும். படகுக்காரர் ராஜப்பனுக்குப் போன வருஷம் ஒரு தடவை பிடித்த மீன் முழுக்கக் கெட்டுப்போனது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து நாளை தோப்பும்படித் துறைமுகத்திலிருந்து கிளம்புகிறார். அதற்குள் இது எழும்பாவிட்டால் போர்டு இல்லாமலே போய்விடுவார். செல்வியின் முதலாளியும் இந்த வேலையை மூட்டை கட்டிவிடுவார். மழைக்காலம் முழுக்க அவள் பட்ட பாடு வீண்.

ராஜப்பன் காலையிலேயே ஐஸ் வாளியோடு வந்து உட்கார்ந்துவிட்டார். திரையில் 'ஸ்டார்ட்டிங் கெர்னல்' என்று ஒரு வரி. அப்புறம் ஒன்றுமில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அதே வரி, அதே மௌனம்.

"எந்தா மோளே, செத்துப்போச்சோ?"

"கொஞ்சம் சும்மா இருங்க மாமா!" குழாயைத் தொட்டாள், சிப்பைத் தொட்டாள், வெடுக்கென்று கையை எடுத்தாள். "சுடுது! செத்தது சுடுமா? உள்ளே ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

அப்புறம்தான் தலையில் அடித்துக்கொண்டாள். போன வருஷப் போர்டுக்கு எழுதியதை நகலெடுத்துத் திருத்தியவள், கெர்னல் செய்தி அனுப்பும் வாசலை மட்டும் மாற்ற மறந்திருக்கிறாள். பாவம், அது கம்பியே செருகாத வாசலில் நின்று காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது.

"அய்யோ என் பொன்னே! நீ பேசினே, நான்தான் கேக்கலே!"

ஒரே ஒரு வரியை மாற்றினாள். திரையில் எழுத்துகள் மடமடவென்று கொட்டின. சும்மா சொல்லக்கூடாது, ஒன்றும் புரியாத எனக்கே சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

ராஜப்பன் போர்டிலிருந்து நீண்ட வெப்பமானிக் கம்பியை ஐஸ் வாளிக்குள் விட்டார். எண் இறங்கியது. வெளியே எடுத்து உள்ளங்கையில் பொத்தினார். எண் ஏறியது, போர்டு கூவியது. குழந்தை மாதிரி மறுபடியும் விட்டார், மறுபடியும் பொத்தினார்.

"போதும் மாமா, காது போவுது!" என்று செல்வி மின்சாரத்தை அணைத்தாள். பெட்டியில் வைக்கப் போனவளை, "தா மோளே, நான் எடுக்கேன்" என்று தடுத்து எழுந்தவர், பாதியில் நின்றார். ஈரக் கையைக் கைலியில் துடைத்தார். சன்னலோரம் போய்க் குழாயைத் தொட்டார். தொட்ட விரல்களை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு வந்துதான் போர்டைக் கையில் வாங்கினார்.