வென்ட்சி கேட்டதும் ராலிட்சா தலையாட்டியதும்

வென்ட்சியைப் பற்றி எங்கள் டோப்ரிச் ஊரில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தாயில்லாப் பிள்ளையை அக்காளிடம் விட்டுவிட்டு எட்டு வருஷம் ஜெர்மனியில் லாரி ஓட்டினான். மாதம் தவறாமல் பணம் அனுப்பினான். வருஷத்துக்கு ஒருமுறை பெட்டி நிறைய சாக்லெட்டோடு வருவான். வேறென்ன செய்வான், பாவம்!

இந்த முறை விடுப்பில் வந்தவனுக்கு உள்ளூரிலேயே ஒரு வேலை அமைந்தது. பள்ளிப் பேருந்து ஓட்ட வேண்டும், சம்பளம் பாதிதான். வருகிறாயா இல்லையா என்று அன்று சாயங்காலத்துக்குள் சொல்லச் சொல்லி ஜெர்மனிக்காரர்கள் நெருக்கினார்கள். மகள் சொல்கிறபடி செய்வோம் என்று நினைத்தான். ஆனால் பன்னிரண்டு வயது ராலிட்சாவிடம் கேட்பதை நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே வந்தான்.

அன்று சோதனை ஓட்டமாக அவள் வகுப்பைப் பேருந்தில் துரான்குலாக் ஏரிக்கு அழைத்துப் போனவனும் அவன்தான். ஏரித்தீவில் ஆறேழாயிரம் வருஷத்துக் கல்வீடுகள். மிச்சமிருப்பது முழங்கால் உயரச் சுவர்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

"டேய், இது என் வீடு! ஷூவைக் கழட்டிட்டு வா!"

"கூரையே இல்லாத வீட்டுக்கு இவ்வளவு பீத்தலா?"

ராலிட்சா மட்டும் ஒதுங்கி உட்கார்ந்து, பாலாடைக்கட்டி அடைத்த பானிட்சாவைத் தின்றுகொண்டிருந்தாள். வென்ட்சி எதிரே போய்க் குந்தினான்.

"அம்மாடி, அப்பா இங்கேயே இருந்துடட்டுமா?"

வாய் நிறைய பானிட்சா அவளுக்கு. அப்பனையே பார்த்தாள். தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள், பலமாக.

அவனுக்கு மனசே விட்டுப்போயிற்று. "புரியுதும்மா. போயிடறேன்" என்று எழுந்து விறுவிறுவென்று பேருந்துக்கு வந்துவிட்டான். கோபம்கூட வரவில்லை. எந்த முகத்தோடு கோபப்படுவது?

ஜெர்மனிக்குச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தபோது வகுப்பு டீச்சர் ஸ்டோவா காப்பி பிளாஸ்க்குடன் வந்தாள்.

"வென்ட்சி, காப்பி வேணுமா?"

அவன் மேலும் கீழுமாகத் தலையாட்டினான்.

"வேண்டாமா? சரி." மூடியைத் திருகிவிட்டாள்.

"வேணும்னுதானே சொன்னேன், டீச்சர்!"

"அப்படி ஆட்டினா வேணும்னு அர்த்தமா? தலையை ஜெர்மனியிலேயே கழட்டி வெச்சுட்டு வந்துட்டியா?"

எங்களுக்கு இடம் வலம் ஆட்டினால் ஆமாம். மேலும் கீழும் ஆட்டினால் இல்லை. உலகம் வேறு மாதிரி ஆட்டினால் ஆட்டிக்கொள்ளட்டும். இந்த மடையன் எட்டு வருஷத்தில் பிறந்த ஊர்த் தலையையே மறந்திருக்கிறான்!

காப்பியாவது ஒன்றாவது! ஓடினான். ராலிட்சா அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ ஆமான்னா சொன்ன?"

"பின்னே? 'இரு அப்பா'ன்னு சொன்னேன். முழுங்கறதுக்குள்ள போயிடறேன்னுட்ட."

"ஐயோ, தலை குழம்பிப்போச்சும்மா! அங்க எல்லாரும் தலைகீழா ஆட்டுவாங்க. நானும் அப்படியே..." அவன் சிரிக்கத் தொடங்கினான்.

அவள் சிரிக்கவில்லை.

"அப்போ அன்னிக்கும் அப்படித்தானா?"

"என்னிக்கு?"

"எனக்கு ஆறு வயசு. பஸ் நிலையத்துல, 'அப்பா திரும்பப் போகட்டுமா'ன்னு கேட்ட. போகாதேன்னு எத்தனை தடவை மேலும் கீழுமா தலையாட்டினேன், தெரியுமா? நீ முத்தம் குடுத்து, 'என் சமத்து'ன்னு சொல்லிட்டு ஏறிட்ட."

'பிள்ளையே போகச் சொன்னாள்' என்று ஆறு வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன், அந்த முழங்கால் சுவரில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.