மழையில் விரிக்காத குடைக்கு நாலு புள்ளி

ஹல்துமுல்லைக்குக் கீழே இருந்த ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தயாபரன் தமிழ் படிப்பித்தார். அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீடொன்றில் பிறந்து, அதே பாடசாலையில் படித்து, பட்டமும் வாங்கி, ஆசிரியராக அங்கேயே திரும்பி வந்தவர். பிரம்பைத் தொடமாட்டார், யாரையும் பெயர் சொல்லித் திட்டவும் மாட்டார். எட்டாம் தர வகுப்புக்கு, பந்தியை வாசித்து விடையெழுதும் கிரகித்தல் பாடம் என்றால் மட்டும் அவருக்குத் தனி உற்சாகம் வந்துவிடும்.

"பந்தியில எழுதியிருக்கறது மேல் பொருள். எழுதாம விட்டது உள்ளார்ந்த பொருள். அதத்தான் தேடணும்" என்பார்.

பிள்ளைகளும் தேடுவார்கள். அவர்கள் தேடிக் கொண்டுவந்ததைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, தான் ஏற்கெனவே வைத்திருந்ததை எடுத்துக் கொடுப்பார். பெரும்பாலும் அது வறுமையாக இருக்கும், சில வேளை தனிமை. 'உமது சொந்தக் கருத்தைத் தருக' என்று கேட்ட வினாவுக்கும் அதே கதிதான். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். இரண்டு புள்ளி வினாவென்றால் வறுமை, நாலு புள்ளியென்றால் வறுமையோடு தனிமையும் என்று ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். பரீட்சைப் பெறுபேறு நன்றாகத்தான் வந்தது. கிரகித்தல் என்றால் தயாபரன் சேர் என்று அக்கம்பக்கத்துப் பாடசாலைகளிலும் பேர் பரவியது.

அந்தப் பேர்தான் அவரைப் பதுளையில் நடந்த ஓர் ஆசிரியர் செயலமர்வுக்கு அனுப்பி வைத்தது. 'மாணவரின் சுயசிந்தனையை மதித்தல்' என்று மண்டப வாசலில் பதாகை கட்டியிருந்தார்கள். நடத்த வந்தவர் காமில் என்ற வளவாளர். கண்ணியமான மனிதர், சிரித்த முகம். தேநீர் முடிந்ததும் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, "இண்டைக்கு நீங்கதான் புள்ளைகள். மனசுல படுறத எழுதுங்க" என்றார்.

பந்தி சிறியது. ரயில் நிலையத்தில் ஒருவர் நிற்கிறார். மழை பெய்கிறது. அவர் கையில் ஒரு சின்னக் குடை. நனைகிறாரே தவிர, அதை விரிக்கவில்லை. தூரத்தில் ரயில் வரும் சத்தம் கேட்கிறது. அவர் ஏன் குடையை விரிக்கவில்லை? உமது கருத்தைத் தருக. நாலு புள்ளி.

தயாபரனுக்குப் பதுளை ரயிலில் இடிபட்டுப் போய்வந்த பழக்கம் உண்டு. ஈரக் குடையோடு பெட்டிக்குள் ஏறுகிறவனை எத்தனை பேர் முறைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். 'நனைந்த குடையால் மற்றப் பயணிகளுக்குத் தொல்லை வரக்கூடாது என்று நினைத்திருப்பார்' என்று எழுதினார். எழுதிவிட்டுத் தனக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளவும் செய்தார்.

காமில் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு புள்ளி போட்டார்.

"சேர், ரயில்ல கூட்டம்னு பந்தியில எங்க இருக்கு?"

"இல்லதான். அப்ப சரியான விடை என்னங்க?"

காமில் புள்ளித் திட்டத்தை வாசித்தார். "மனம் துயரத்தில் நனைந்திருந்ததால் உடல் நனைவது அவருக்குத் தெரியவில்லை."

"மனசு நனைஞ்சதும் பந்தியில இல்லீங்களே!"

"அது உள்ளார்ந்த பொருள், சேர்" என்றார் காமில் அன்பாக.

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். எழுந்து நின்று கேட்ட தயாபரன் உட்கார்ந்தார். பிற்பகல் முழுவதும் சுயசிந்தனையை எப்படி மதிப்பது என்று காமில் விளக்கினார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் தயாபரனுக்கு அந்த ஒரு புள்ளி நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. எழுதியது தப்பென்று அவர் நினைக்கவில்லை. தப்பில்லாத ஒன்றை ஒருவர் சிரித்துக்கொண்டே அடித்துவிட்டாரே என்பதுதான் ஆறவில்லை. அப்புறம்தான், பண்டாரவளை தாண்டும்போது, தான் அடித்துத் தள்ளிய விடைகளெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வரத் தொடங்கின. பெரகல சந்தியில் இறங்குவதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

அடுத்த பாடத்தில் அதே பந்தியைக் கொடுத்தார். "சரி, பிழை ஒண்ணும் இல்ல. நீங்க நெனக்கிறத எழுதுங்க."

வகுப்பு விழித்தது. "எத்தன வரி சேர்?" என்றான் ஒருவன். "எத வச்சு சேர் புள்ளி போடுவீங்க?" என்றாள் இன்னொருத்தி. கடைசியில் எல்லோரும் எழுதினார்கள். ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் அந்த மனிதரின் குடை வறுமையால் கிழிந்திருந்தது. நாலு புள்ளியாயிற்றே என்று பாதிப் பேர் அவருக்குத் தனிமையையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள்.

தயாபரன் விடவில்லை. விடையைச் சொல்லாமலே பாடத்தை முடித்தார். அதற்கடுத்த பாடத்திலும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கந்தப்பன் வந்துவிட்டார். பெரகலயில் ஆட்டோ ஓட்டுகிறவர், வகுப்பில் கெட்டிக்காரியான துஷாந்தினியின் அப்பா.

"சேர், கோவிச்சுக்காதீங்க. புள்ள ராவுல அழுவுது. சேர் விடையத் தெரிஞ்சு வச்சிக்கிட்டே சொல்ல மாட்டேங்குறாருன்னு சொல்லுது. டியூசனுக்குத்தான் மறைக்கிறீங்களோன்னு லயத்துல பேசிக்கிறாங்க."

"நான் டியூசனே குடுக்கலீங்களே, அண்ணே!"

"அதத்தான் நானும் சொன்னேன். இனிமே ஆரம்பிப்பாருன்னு சொல்றாங்க."

பாடசாலை அதிபர் நடுவில் புகுந்து சமாதானம் பேசினார். தவணைப் பரீட்சை நெருங்குகிறது, பெற்றோரைப் பகைத்துக்கொள்ள முடியாது. தயாபரன் தோற்றுப்போய்க் கரும்பலகையில் 'சொந்தக் கருத்துகள்' என்று தலைப்பிட்டு, அதன்கீழ் மூன்று கருத்துகளை எழுதிப் போட்டார். வகுப்பே மூச்சு விட்டது. எல்லோரும் கோடு போட்டு, வண்ணப் பேனாவால் தலைப்பெழுதி, மூன்றையும் அழகாகப் பார்த்தெழுதிக்கொண்டார்கள். கருத்துகளை மனனம் செய்துவிட்டார்கள் என்று மறுநாளே அவருக்குத் தெரிந்தது.

தவணைப் பரீட்சையிலும் அந்தப் பந்தியையே போட்டார். விடைத்தாள்களைத் திருத்துவது சுலபமாக இருந்தது. முதலாம் கருத்து, மூன்றாம் கருத்து, மறுபடியும் முதலாம் கருத்து. துஷாந்தினியின் தாளுக்கு வந்தபோது பேனா நின்றது.

'குடை சின்னது என்று எழுதியிருக்கிறது. அது பெரியவருடைய குடை இல்லை. ரயிலில் வரும் பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருக்கிறார். பிள்ளைக்குக் காய்ந்த குடையைக் கொடுக்க நினைக்கிறார்.'

தயாபரன் பந்தியை எடுத்துப் பார்த்தார். சின்னக் குடை என்றுதான் இருந்தது. பதுளையில் வாசித்தார், வகுப்பில் வாசித்தார், வினாத்தாளுக்கென்று தன் கையாலேயே எழுதினார். ஒரு தடவைகூட அந்தச் சொல் அவர் கண்ணில் படவில்லை. காமில் கண்ணிலும் பட்டிருக்காது. நாலுக்கு நாலு போட்டார்.

விடைத்தாள் கொடுத்த அன்று துஷாந்தினி மேசையருகே வந்தாள். முகத்தில் சந்தோசத்தைக் காணோம்.

"சேர், இதுல நாலு போட்டிருக்கீங்க."

"ஆமா. என்ன?"

"நீங்க எழுதிப்போட்ட மூணும் அந்நேரத்துல மறந்துபோச்சு சேர். வாயில வந்தத எழுதிட்டேன். போர்டுல இல்லாதது எப்பிடி சேர் சரியாகும்?"

"மூணையும்விட இதுதாம்மா நல்ல விடை."

அவள் நம்பவில்லை. தாளையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். புதிதாக ஒரு விடை வந்திருக்கிறது என்ற செய்தி பின்னால் வரிசை வரிசையாகப் பரவி, கொப்பிகள் திறக்கும் ஓசை கேட்டது.

"அப்பன்னா இதையும் போர்டுல எழுதிருங்க சேர். நாலாவதா."

தயாபரன் வெண்கட்டியை எடுத்தார். கை பழக்கத்தில் எடுத்துவிட்டது. பிறகு திரும்ப வைத்தார்.

"எழுத மாட்டேன்" என்றார்.

துஷாந்தினி உதட்டைச் சுழித்துக்கொண்டு இடத்துக்குப் போனாள். நாளைக்குக் கந்தப்பன் மறுபடியும் வருவார் என்று தயாபரனுக்குத் தெரிந்தது. வரட்டும் என்று அடுத்த பந்தியைத் தேடிப் புத்தகத்தைப் புரட்டினார்.