அண்ணிக்காகப் பூட்டிய பக்கங்கள்

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி ஒரு காலத்தில் மாதக்கணக்கில் ஒருக்களித்துப் படுத்தே கிடந்தது. அண்ணியை இடப்பக்கமாகவே படுத்திருக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். அப்படிப் படுத்துப் பார்த்தால் செய்தி வாசிக்கிற அம்மாள் சுவரில் ஒட்டிய பல்லி மாதிரி தெரிகிறார் என்று அண்ணி ஒருநாள் சொல்லப்போக, அண்ணன் மறுபேச்சுப் பேசாமல் பெட்டியைத் தூக்கிச் சாய்த்துவிட்டார். முதலில் தவறான பக்கம் சாய்த்ததில் அண்ணியின் கண்ணுக்கு எல்லோரும் தலைகீழாகத் தொங்கினார்கள். வயிறு குலுங்கக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு நானும் ஒரு கை பிடித்து மறுபக்கம் திருப்பி, அடியில் பழைய போர்வையை மடித்து வைத்தோம். பெட்டி சூடேறி வெடித்துவிடும் என்று வந்தவர் போனவரெல்லாம் பயமுறுத்தினார்கள். வெடிக்கவில்லை. திரையின் மூலையில் ஒரு பச்சைக் கறை மட்டும் வந்து நிலைத்துவிட்டது.

அண்ணிக்கு அது மூன்றாவது கர்ப்பம். அதற்கு முன் இரண்டு முறையும் கரு கலைந்துபோயிருந்தது. அதனால் வீட்டில் யாரும் அதிர்ந்துகூட நடக்கமாட்டோம். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக் களத்தில் நிலக்கடலைக் குவியல்களுக்கு நடுவே ஓடியாடி வளர்ந்தவர் அண்ணி. அவரை ஒரு கட்டிலில் கிடத்திவிட்டு ஆளுக்கொரு வேலையாகப் போய்விடுவோம். அண்ணன் எதையும் வாய்விட்டுப் பேசுகிறவர் அல்லர். பெட்டியைச் சாய்ப்பார், மின்விசிறியை இடம் மாற்றுவார், பழத்தை உரித்து வைத்துவிட்டுப் போவார். பயமாக இருக்கிறதா என்று அண்ணியிடம் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

அண்ணி கேட்டது ஒன்றே ஒன்றுதான். கல்யாணமாகி வந்ததிலிருந்து கார்த்திகை தீபத்தன்று அர்த்தநாரீசுவரர் தரிசனத்தை அவர் தவறவிட்டதில்லை. வருடத்தில் அந்த ஒரு மாலையில்தான் சுவாமி வெளியே வருவார். ஆடியபடி வந்து, இரண்டு நிமிடம் நின்று, உள்ளே போய்விடுவார். அந்த நேரத்தில் மலைமேல் தீபம் ஏறும். மலைத் தீபத்தை எந்த மாடியிலிருந்தும் பார்த்துக்கொள்ளலாம். சுவாமியைப் பார்க்க வேண்டுமானால் கோயிலுக்குள் கூட்டத்தில் நசுங்க வேண்டும், இல்லையென்றால் அண்ணனுடைய கேபிள் சேனலைப் பார்க்க வேண்டும். அந்த வருடம் அண்ணிக்குச் சேனலை விட்டால் வேறு வழியில்லை.

சேனல் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். செங்கம் சாலையில் ஒரு மாடியறை. கணினி படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நான், உதிரி பாகங்களை வாங்கிச் சேர்த்துப் பூட்டிய ஒரு கணினி. பகல் முழுக்க அதில் பக்திப் பாட்டும், நகைக்கடை ஜவுளிக்கடை வாழ்த்துகளும் ஓடும். அண்ணன் கோயிலுக்குள் கேமராவோடு நிற்பார். அவர் எடுக்கும் படம் கேபிள் வழியே மாடிக்கு வரும். பாட்டிலிருந்து அந்தப் படத்துக்கு மாற்றுவதற்கு நான் ஒரு நிரல் எழுதியிருந்தேன். நேரம் வந்ததும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதானே என்று அசட்டையாக இருந்தேன்.

முந்தைய வருடம் அந்தப் பொத்தானை அழுத்தியபோது படம் உறைந்துபோயிற்று. பட்டுப்புடவை விளம்பரத்துப் பெண் சிரித்தபடியே நின்றாள். ஹார்ட் டிஸ்க் கரகரவென்று எதையோ அரைத்துக்கொண்டிருந்தது. ஒருவழியாகக் கோயில் தெரிந்தபோது சுவாமி உள்ளே போய்விட்டார், கூட்டம் மலைப்பக்கம் திரும்பிக் கைகூப்பி நின்றது. ஊரே தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டியது. காரணத்தைப் பிடிக்க எனக்கு வெகுநாள் ஆயிற்று. கணினியின் மெமரி அளவான இடம். அதைச் சின்னச் சின்னப் பக்கங்களாகப் பிரித்து எல்லா நிரல்களுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது கெர்னல் என்கிற அடிப்படை நிரலின் வேலை. இடம் போதாமல் போனால், வெகுநேரமாக யாரும் தொடாத பக்கங்களாகப் பார்த்து எடுத்து ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிட்டு, காலியான இடத்தை வேறு நிரலுக்குக் கொடுத்துவிடும். காலையிலிருந்து தொடப்படாமல் காத்திருந்தது என்னுடைய நிரல்தான். அதன் பக்கங்களைத்தான் கெர்னல் வெளியே அனுப்பியிருந்தது. பொத்தானை அழுத்திய பிறகு அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி உள்ளே கொண்டுவருவதற்குள் இரண்டு நிமிடம் போய்விட்டது.

போன வருடம் மாதிரி ஆகிவிடுமா என்று அண்ணி கேட்டபோது இந்தக் கதையை முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "ரொம்ப நேரம் யாரும் தொடலைனா, அது வேணாம்னு அர்த்தமா தம்பி?" என்றார்.

கெர்னலுக்கு அப்படித்தான் தெரியும் என்றேன். அவர் குரலில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் ஒரே அறையில் படுத்திருக்கிறவர் வாயிலிருந்து வந்த கேள்வி என்னைச் சும்மா விடவில்லை. இந்த முறை அண்ணி பார்த்தே ஆக வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி வந்துவிட்டது.

வழி இல்லாமல் இல்லை. இந்தப் பக்கங்களில் கைவைக்காதே என்று கெர்னலிடம் சொல்லிப் பூட்டிவைக்கலாம். குண்டூசி குத்தி நிறுத்துகிற மாதிரி என்பதால், பின் பண்ணுவது என்று எங்கள் தொழிலில் சொல்வோம். நான் பயந்தாங்கொள்ளி. மாற்றும் நிரலைப் பூட்டினேன். பாட்டு நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அதையும் பூட்டினேன். விளம்பரப் படங்கள், அடியில் ஓடும் எழுத்து, ஒன்றையும் விடவில்லை. தீபத்துக்குச் சில நாள் முன்பு வரும் பெரிய தேரன்று அதன் லட்சணம் தெரிந்தது. தேர் நிலையைவிட்டு நகர்ந்த நேரம் பார்த்து கணினி திணறத் தொடங்கியது. புதிதாக வரும் படத்துக்கு இடம் வேண்டும், ஆனால் எந்தப் பக்கத்தைத் தொட்டாலும் பூட்டு. கெர்னல் தேடித் தேடிப் பார்த்து, வேறு வழியில்லாமல் ஒரு நிரலையே தீர்த்துக்கட்டிவிட்டது. திரை கறுத்துப்போயிற்று. அண்ணன் தேரடியிலிருந்து கைபேசியில் என்னைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

தேருக்கும் தீபத்துக்கும் நடுவில் இருந்த சில நாட்களில் ஒவ்வொரு பூட்டாக எடுத்தேன். பாட்டு தடுமாறினால் தடுமாறட்டும். வாழ்த்து தாமதமாக வந்தால் நகைக்கடைக்காரர் திட்டட்டும். கடைசியில் கோயில் படத்தை வாங்கி ஊருக்கு அனுப்புகிற பகுதி மட்டும் பூட்டோடு நின்றது. பார்க்கப்போனால் அது மிகச் சின்னப் பகுதி. மற்றதை விடுவதற்குத்தான் எனக்கு மனம் வரவில்லை. இன்று பெங்களூரில் எனக்குச் சோறு போடுவதே இந்த வேலைதான். எதை வெளியே அனுப்பலாம், எதில் கைவைக்கக் கூடாது என்று கெர்னலுக்குச் சொல்லிக்கொடுக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். இளம்பிள்ளைகள் யாராவது எல்லாவற்றையும் பூட்டி எழுதிக்கொண்டு வந்தால் திருத்தச் சொல்வேனே தவிர, கோபித்துக்கொள்வதில்லை. யாரை நினைத்துப் பயந்தார்களோ என்று தோன்றும். அண்ணன் மகள் இப்போது கல்லூரி விடுதியிலிருந்து கைபேசியிலேயே தீபத்தைப் பார்த்துவிடுகிறாள். அவள் பிறப்பதற்கு முந்தைய அந்தக் கார்த்திகையில் அது அத்தனை சுலபமாக இருக்கவில்லை.

தீபத்தன்று மதியமே அண்ணன் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். போகும்முன் பெட்டியின் திரையை ஒரு துணியால் துடைத்தார். அண்ணியிடம் வேளைக்கு மாத்திரை போடச் சொன்னார். நான் மாடியறையில் குளித்துவிட்டு வந்த ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தேன். சன்னலில் மலை இருட்டிக்கொண்டு வந்தது. பொத்தானை அழுத்தினேன். டிஸ்க் சத்தமே போடவில்லை. கொடிமரம் தெரிந்தது, விளக்குகள் தெரிந்தன, கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. சுவாமி வந்துவிட்டார். நடுவில் படம் ஒருமுறை பலமாக ஆடியது. யாரோ அண்ணனை இடித்துவிட்டார்கள் என்று வாய்க்குள் திட்டினேன். அடுத்த கணம் படம் நிதானத்துக்கு வந்துவிட்டது. சுவாமி ஆடி ஆடி வந்து, நின்று, உள்ளே போகும்வரை ஒரு கணம்கூட உறையவில்லை. ஊர் முழுக்க அரோகரா என்று எழுந்த சத்தத்தில் என் சன்னல் கம்பி அதிர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாட்டை ஓடவிட்டுவிட்டு, கிரிவலத்துக்குப் போகிற கூட்டத்துக்கு எதிராக முண்டியடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அண்ணி அதே இடப்பக்கமாகப் படுத்திருந்தார். முகம் ஈரமாக இருந்தது. பார்த்தீர்களா என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டேன்.

"பாத்தேன். கொஞ்ச நேரந்தான். அப்புறம் கண்ண மூடிக்கினேன்."

எனக்குச் சுருக்கென்றது. எதற்காக இவ்வளவு பாடுபட்டேன்? ஏன் மூடினீர்கள் என்று கேட்டபோது என் குரலில் கோபம் தெரிந்திருக்க வேண்டும். அண்ணி கன்னத்தைத் தலையணையில் துடைத்துக்கொண்டார்.

"நடுவுல படம் ஒரு தரம் ஆடுச்சே, கவனிச்சியா? இத்தினி வருஷமா எடுக்கறாரு, ஒரு நாளும் அவரு கை ஆடினதில்ல. அழுவறாருனு எனக்குத் தெரிஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் சாமிய எங்க பாக்கறது?" என்றார். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"நான் ஒருத்திதான் பயந்துக்கினு கெடக்கறேன்னு நெனச்சிட்டிருந்தேன் தம்பி."