தனி அடுப்பு

ஜூடித் சத்தம் போட்டுப் பேசி டாலாவில் யாரும் கேட்டதில்லை. படகேறி அக்கரை நகரத்துக்குப் போய், லத்தா பேட்டையில் ஒரு மிளகாய் மண்டியில் வற்றலுக்குக் காம்பு கிள்ளுவாள். கூட உட்கார்ந்த பெண்கள் ஊர்க்கதையெல்லாம் அளப்பார்கள். இவள் தும்முவதற்கு மட்டும் வாயைத் திறப்பாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. எண்பத்தெட்டில் ஆட்சியை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில் நகரம் கலங்கி, கடைகள் அடைத்துக் கிடந்தபோது, வாடகை கட்ட வழியில்லாமல் ஆற்றைத் தாண்டி வந்தவள் அவள். அதே வருடம் அண்ணன் சூசைராஜ் பினாங்குக்குப் போனான். போனவன் போனவன்தான். அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்கள். பெண் கேட்டு வந்த ஒரே இடமும், பெண் ஊமையாக்கும் என்று நினைத்துத் திரும்பிப் போயிற்று.

மூங்கில் தட்டி வைத்த ஒரு வீட்டில் இருபது வருடம் தனியாகப் பொங்கித் தனியாகத் தின்றாள். இரண்டாயிரத்தெட்டில் நர்கிஸ் புயல் அந்த வீட்டையும் தூக்கிக்கொண்டு போயிற்று. விடிந்து பார்த்தால் நாலு கால் நட்ட குழிகளில் தண்ணீர் நின்றது.

அடுத்த மனை தைலம்மாளுடையது. அவள் வீடும் போயிருந்தது. ஆனாலும் எங்கிருந்தோ ஒரு நீலத் தார்ப்பாய் பிடித்து, கூடாரம் கட்டி, மழையில் நின்றவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள்.

"அங்க நின்னு யாருக்குக் காவல் காக்குற? வா புள்ள."

அவள் புருஷன் கருப்பையா சைக்கா மிதிப்பவர். பக்கத்தில் ஆள் உட்காருகிற அந்த மூன்று சக்கர வண்டியின் இருக்கையைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டு அவர் சிரித்தார். "பேசாத ஆளுக்கு எவ்வளவு எடம் வேணும்? வரட்டும்."

அன்றிலிருந்து ஒரே பானை. பொழுது சாயும் நேரத்தில் தைலம்மாள் வெளியே நின்று குரல் கொடுப்பாள்: "மருதா, கோமதி, ஜூடித்து! சோறு ஆச்சு, வாங்க!" மகன் பெயரோடும் மகள் பெயரோடும் கடைசியில் தன் பெயரும் வருவதைக் கேட்பதற்காகவே ஜூடித் சில நாள் வேண்டுமென்று தள்ளிப் போய் நிற்பாள்.

மழைக்காலம் முடிந்ததும் சைதா வந்தாள். நகரத்துத் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண், நிவாரண அமைப்பு ஒன்றில் வேலை. வெளிநாட்டிலிருந்து மானியம் வந்திருக்கிறது, அதில் வீடும் கட்டலாம், படகுத்துறையிலிருந்து தெருவுக்குள் செங்கல் பாதையும் போடலாம் என்றாள். முழங்கால் சேற்றில் உழன்றவர்களுக்குப் பாதை என்றதும் வாயெல்லாம் பல். எவ்வளவு வீடு, எவ்வளவு பாதை என்று அவர்களே முடிவு செய்ய வேண்டுமாம். சைதா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்துக் காட்டினாள்.

"துணி இவ்வளவுதான். சட்டைக்கு அதிகமா எடுத்தா பாவாடை குட்டையாப் போயிடும்."

"எங்க கருப்பையாவுக்குப் பாவாடை வேணாம். சட்டையே தைச்சுடுங்க!" என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது.

முதலில் வீடு, மிச்சத்தில் பாதை என்று முடிவாயிற்று. வீட்டுக்குக் கணக்கு அடுப்பு. ஒரே பானையில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம், ஒரு அடுப்புக்கு ஒரு வீடு. சைதா கூடாரம் கூடாரமாக வந்து கேட்டாள். தைலம்மாள் ஜூடித்தின் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னாள்:

"இவளையும் சேத்துக்கங்க. எங்க பானைச் சோறுதான் திங்குறா. வேத்தாளு இல்ல."

ஜூடித்துக்குக் கண் கரித்தது. அவளை இப்படி யாரும் எந்தக் கணக்கிலும் சேர்த்ததில்லை.

அதன் விலை, கூட்டத்தில் வீட்டுப் பட்டியலை வாசித்தபோதுதான் தெரிந்தது. கருப்பையா வீட்டில் ஐந்து பேர். ஜூடித் என்று தனியாக வீடு இல்லை. அவளுடைய மனையில் செங்கல் இறக்கி வைப்பார்கள், பிறகு வேறொரு குடும்பத்துக்குக் கொடுப்பார்கள்.

"அதனாலென்ன?" என்றாள் தைலம்மாள். "புது வீட்டுல உனக்கு ஒரு மூலை இல்லாமலா போயிரும்?"

மூலை எது என்று ஜூடித்துக்குத் தெரியும். தண்ணீர்ப் பானைக்கும் கருப்பையாவின் காலுக்கும் நடுவில் உள்ளது. திரும்பிப் படுக்கும்போது யோசிக்க வேண்டும். இருமல் வந்தால் வாய்க்குள் அடக்க வேண்டும். மருதுக்குக் கல்யாணமானால் மூலையும் சுருங்கும். சாத்திக்கொள்ள ஒரு கதவு, அதற்குப் பின்னால் சத்தமாக இரும ஒரு இடம். அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான். கேட்டதுகூட மனசுக்குள்தான்.

தப்பு இருந்தால் கூட்டத்தில் எழுந்து சொல்லலாம் என்றார்கள். எழுந்து என்னவென்று சொல்வது? தைலம்மாள் முகத்துக்கு நேரே, நான் உங்கள் வீட்டு ஆள் இல்லை என்றா? கூட்டம் கலையும்வரை அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சைதா கடைசியாகச் சரிபார்க்க வருகிற அன்று காலையில், ஜூடித் தன் மனைக்குப் போனாள். உடைந்த செங்கல் மூன்றைக் கூட்டி வைத்தாள். ஆற்றில் ஒதுங்கிய சுள்ளியைப் போட்டுப் பற்ற வைத்தாள். ஈரச் சுள்ளி. புகை எழும்பித் தெரு முழுக்கத் தெரிந்தது. இரவல் வாங்கிய ஒரு சட்டியில் கைப்பிடி அரிசி போட்டுவிட்டு, புகையில் கண் வழிய உட்கார்ந்திருந்தாள்.

சைதா வந்து நின்றாள். "இது யாரோட அடுப்பு?"

"என்னோடது."

அவள் வாழ்க்கையிலேயே தெளிவாகச் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். நிமிர்ந்து பார்த்தால், கையில் அகப்பையோடு தைலம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"என் சோறு கசந்துருச்சா?"

"இல்லக்கா" என்று ஜூடித் ஈரச் சுள்ளியை உள்ளே தள்ளினாள்.

சைதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுப்புச் செங்கலில் பழைய கரி ஒரு பொட்டுகூட இல்லை என்பதையும் பார்த்தாள். பிறகு தைலம்மாளிடம் கேட்டாள்: "தனியாத்தான் பொங்குறாங்களா, அம்மா?"

ஒரு சொல் போதும். இன்றைக்குத்தான் பற்ற வைத்தாள் என்று சொன்னால் முடிந்தது. தைலம்மாள் முகத்துக்கு வந்த புகையை அகப்பையால் விலக்கினாள்.

"ஆமா. தனிதான்" என்றாள். "எப்பவும் தனிதான்."

சொல்லிவிட்டு அகப்பையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூடித்துக்கு வீடு வந்தது. மரக்கால், மூங்கில் சுவர், தகரக் கூரை, உள்ளே தாழ்ப்பாள் வைத்த கதவு. ஒரு வீடு கூடியதில் துணி மற்ற பக்கம் குட்டையாயிற்று. படகுத்துறையிலிருந்து போட்டுக்கொண்டே வந்த செங்கல் பாதை, சொல்லி வைத்ததுபோல ஜூடித் வாசலோடு நின்றது. அதற்கப்பால் தைலம்மாள் வீடு. நடுவில் சேறு.

அந்த மழைக்காலத்தில் கருப்பையா சைக்காவை அவள் வாசலிலேயே நிறுத்திவிட்டு, லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்குவார். "மகாராணி வாசல் வரைக்கும் ரோடு" என்று ஒரு நாள் கோமதி சொன்னது, மூங்கில் சுவர் வழியே நன்றாகக் கேட்டது. தைலம்மாளோ, தண்ணீர்க் குடத்தோடு போவாள், வருவாள், தலை திரும்பாது.

ஜூடித் கதவைச் சாத்திக்கொண்டு இருமினாள். தடையில்லாமல் இருமலாம், யாரும் புரண்டு படுக்க மாட்டார்கள். ஒருத்திக்குப் பொங்குவதற்குக் கை மறந்துபோயிருந்தது. சோறு எப்போதும் மிஞ்சியது. பொழுது சாயும் நேரத்தில் அடுத்த வீட்டுக் குரல் வரும்: "மருதா, கோமதி! சோறு ஆச்சு, வாங்க!" கோமதிக்குப் பிறகு ஒரு மூச்சு நேரம் இவள் காது நிமிர்ந்தே இருக்கும். அப்புறம் தட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவாள்.

மண்டியிலிருந்து திரும்பும்போது துறையருகே கொட்டிக் கிடந்த உடைசல் செங்கலில் ஒன்றைப் பையில் போட்டு வர ஆரம்பித்தாள். மண்டி உள்ள நாளெல்லாம் ஒன்று. தெரு அடங்கியிருக்கும் விடியற்காலையில் அதைச் சேற்றில் வைத்து, குதிகாலால் மிதித்து அழுத்துவாள். சில கற்களைச் சேறு விழுங்கியது. அதன் மேலேயே இன்னொன்று வைத்தாள்.

அடுத்த மழைக்காலத்துக்குள் கல்வரிசை தைலம்மாள் வாசலைத் தொட்டுவிட்டது. தைலம்மாள் முதலில் கல்லுக்குப் பக்கத்தில் சேற்றிலேயே நடந்தாள். பெரிய மழை பெய்த ஒரு நாள், நிறைகுடத்தோடு வந்தவள் கல்லின் மேல் கால் வைத்தாள். சுவரிடுக்கு வழியே ஜூடித் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தன் வாசலுக்குப் போய் நின்று, திரும்பாமலே தைலம்மாள் சொன்னாள்:

"கடைசிக் கல்லு ஆடுது."

அன்று பொழுது சாய்ந்ததும் குரல் வந்தது. மருதா, கோமதி. அவ்வளவுதான். ஜூடித் தட்டை மூடி வைத்துவிட்டு, ஒரு சட்டி மணலை அள்ளிக்கொண்டு, ஆடும் கல்லை நோக்கித் தூறலில் இறங்கினாள்.