குளிரறை வாசலில் ஐயா

அம்மா குளிர் தாங்காத மனுசி. மார்கழியில் பருத்தித்துறைக் கடற்காற்று வீசத் தொடங்கினால் காதைச் சுற்றித் துவாயைக் கட்டிக்கொண்டுதான் முற்றத்தில் இறங்குவார். அப்படிப்பட்டவரைக் கடைசியில் குளிரறையில் வைத்தோம்.

அப்படி வைத்தது தம்பிக்காக. தாய்க்குக் கொள்ளி வைப்பவன் கடைசி மகன். எங்கள் வீட்டில் கடைசியும் அவன்தான், ஒரே ஆணும் அவன்தான். சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவன் சில வருசமாக வீட்டுப்பக்கம் வரவில்லை. நெஞ்சு நோவென்று யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு சின்னத் தனியார் ஆசுபத்திரியில் அம்மாவைச் சேர்த்திருந்தோம். அங்கே கிடந்தபடி எங்களைப் பெற்ற ஐயாவின் கையைப் பிடித்து, "அவன் வந்து என்ரை முகத்தைப் பாக்காமல் என்னைக் கொண்டுபோகாதேங்கோ" என்று கேட்டார். ஐயா "ஓம்" என்றார். அதற்கு மேல் கதைக்கிற மனிதர் இல்லை அவர். மறுநாள் விடியவே அம்மா போய்விட்டார்.

தம்பிக்குத் தந்தி போனது. கப்பலை விட்டு இறங்கி, பிளேன் பிடித்து, கொழும்பிலிருந்து ரயிலேறி அவன் வந்து சேர நாலைந்து நாளாகும் என்றார்கள். அந்த ஆசுபத்திரியின் பின்பக்கம் பிரேதம் வைக்கப் புதிதாக ஒரு குளிரறை கட்டியிருந்தார்கள். அங்கே வைக்கலாம் என்று ஐயா தலையாட்டினார். சொந்தக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. "ஐசிலை போட்ட மீன் மாதிரி வைச்சிருக்கப் போறியளோ?" என்று பெரியம்மா கேட்டார். என் வாய் சும்மா இருக்காதே. "நீங்கள் போகேக்கை அண்டைக்கே எரிச்சுப்போடுவம் பெரியம்மா, யோசியாதேங்கோ" என்றேன். அதற்குப் பிறகு ஒருவரும் எங்களுக்குப் புத்தி சொல்ல வரவில்லை.

அம்மாவின் காதைச் சுற்றித் துவாயைக் கட்டித்தான் உள்ளே அனுப்பினேன். விசர் வேலைதான். ஆனாலும் கட்டினேன்.

தடித்த கதவு. வெளியே சீமெந்துத் தளத்தில் மிசின். பக்கத்துச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒரு மெல்லிய செப்புக் குழாய் சுவரைத் துளைத்து உள்ளே போனது. எதிரே விறாந்தையில் கிடந்த நீள மர வாங்கில் ஐயா போய் உட்கார்ந்தார். நான் வீட்டுக்கு வரச்சொல்லியும் எழும்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் மிசின் சத்தம் நின்றது. ஐயா துள்ளி எழுந்தார். வாழ்நாள் முழுக்கக் கடலுக்குப் போன மனிதர். நடுக்கடலில் வள்ளத்து மோட்டார் நின்றால் என்னவென்று அவருடைய காதுக்குத் தெரியும். மிசின்களைப் பார்க்கிற கொக்குவில்காரனைத் தேடி ஓடினார். "தம்பி, மிசின் நிண்டிட்டுது. கெதியா வா."

அவன் நல்ல பொடியன். சிரிக்காமல் வந்து காட்டினான். "அப்பு, அது பழுதாகி நிக்கேல்லை. குளிர் காணும், இனி வேண்டாம் எண்டு நிக்குது. உந்தப் பெட்டிதான் நிப்பாட்டுறது. உந்தக் குழாயின்ரை நுனி உள்ளுக்கை இருக்கு. அதுக்குள்ளை காஸ். அறை சூடேறினால் காஸ் பொங்கிச் சுவிச்சைத் தள்ளும், மிசின் ஓடும். குளிர்ந்தால் காஸ் சுருங்கும், சுவிச்சு விட்டிடும்."

"பேந்து ஏன் உடனை தொடங்கேல்லை?"

"கொஞ்சம் சூடேறட்டும் எண்டு இடைவெளி விட்டுத்தான் வைச்சிருக்கிறம். விடாட்டில் நிண்டு நிண்டு தொடங்கி மோட்டார் எரிஞ்சுபோம். அங்காலை ஒப்பரேசன் அறையிலை சூடாக்கிறதும் இருக்கு, குளிராக்கிறதும் இருக்கு. ரெண்டும் ஒண்டோடை ஒண்டு சண்டை பிடியாமல் நடுவிலை ஒரு இடைவெளி. அதுக்குள்ளை ரெண்டும் பேசாமல் நிக்கும். சத்தம் இல்லையெண்டால் எல்லாம் சரியெண்டுதான் அர்த்தம், அப்பு."

ஐயா நம்பவில்லை. மிசின் திரும்பத் தொடங்கும் வரைக்கும் வாங்கின் நுனியிலேயே இருந்தார். தொடங்கியதும் மூச்சு விட்டார். அடுத்த முறை நின்றபோதும் ஓடினார். அதற்கடுத்த முறையும் ஓடினார். கொக்குவில்காரன் ஒவ்வொரு முறையும் சலிக்காமல் வந்தான். பிறகு மெல்ல மெல்ல ஐயாவுக்குப் பழகிவிட்டது. நான் சாப்பாடு கொண்டுபோன ஒரு நாள் மிசின் நின்றது. நான் திடுக்கிட்டதைப் பார்த்து, "பயப்பிடாதை பிள்ளை. கொம்மாவுக்குக் குளிர் காணுமாம்" என்றார். அம்மா போன பிறகு அவருடைய முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றை அன்றைக்குத்தான் கண்டேன். எனக்கு அழுகை வந்தது.

தம்பி கொழும்பில் இறங்கிவிட்டான், நாளைக் காலை ரயிலில் வருகிறான் என்று செய்தி வந்தது. அன்றைக்குக் கொக்குவில்காரனுக்கு வட்டுக்கோட்டையில் ஒரு கலியாண வீடு. "அப்பு இருக்கிறியள்தானே. ஏதும் எண்டால் ஒவிசிலை சொல்லுங்கோ" என்று சொல்லியிருக்கிறான். மிசின் மூச்சு விட்டாலும் ஓடிவருகிற மனிதரைவிட நல்ல காவல் எங்கே கிடைக்கும்? ஐயாவும், "நீ போட்டு வா, நான் பாக்கிறன்" என்றாராம். நான் செத்தவீட்டு அடுக்குகளைப் பார்க்கப் பருத்தித்துறைக்குப் போயிருந்தேன்.

பின்னேரம் நான் திரும்பி வந்தபோது மிசின் ஓடவில்லை. பங்குனி வெயில். ஐயா வாங்கில் நன்றாகச் சாய்ந்து இருந்தார்.

"எப்ப நிண்டது ஐயா?"

"காலமையே நிண்டிட்டுது. இண்டைக்கு நல்லாக் குளிர்ந்திட்டுது போலை."

போய்க் கதவில் கை வைத்தேன். மற்ற நாட்களில் சில்லென்று இருக்கும் கதவு சுவரைப் போலவே வெதுவெதுப்பாக இருந்தது. ஆசுபத்திரி ஒவிசுப் பக்கம் பார்த்துக் கத்தினேன். ஆட்கள் வந்து கதவைத் திறந்தார்கள். அதற்கு மேல் நான் எழுதமாட்டேன்.

கலியாண வீட்டு வேட்டியோடு கொக்குவில்காரன் ஓடிவந்தான். செப்புக் குழாயில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்பு. காஸ் போய்விட்டது. "காஸ் போனால் உந்தப் பெட்டிக்கு எந்த நேரமும் குளிராய்த்தான் தெரியும். இனி ஓடு எண்டு சொல்லவே சொல்லாது" என்றவன் அப்படியே நிலத்தில் குந்தி அழுதான். நான் அவனை ஏசவில்லை. ஏச வேண்டியதையெல்லாம் ஐயாவைத்தான் ஏசினேன். "கதவிலை ஒருக்காக் கை வைச்சுப் பாத்திருக்கலாமே" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். ஐயா சுவரில் இருந்த அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை தம்பி வந்தான். பிரேதப் பெட்டியை மூடி ஆணி அடித்துத்தான் கொடுத்திருந்தார்கள். எங்கள் முற்றத்தில் இறக்கினோம். குளிப்பாட்டவும் முடியவில்லை, கோடிச் சேலை உடுத்தவும் முடியவில்லை. தம்பி வாய்க்கரிசியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றான். "மூடியிலை போடு தம்பி" என்று யாரோ சொன்னார்கள். போட்டான். அரிசி பலகையில் பட்டுச் சிதறியது. பிறகு நிமிர்ந்து ஐயாவைப் பார்த்தான்.

"ஐயா, நீங்கள் பக்கத்திலைதானே இருந்தனீங்கள்?"

"ஓம்" என்றார் ஐயா.

அதன் பிறகு தம்பி லீவில் வரும்போதெல்லாம் "சாப்பிட்டியளோ?" என்று கேட்பான். இவர் "ஓம்" என்பார். அவ்வளவுதான் கதை. வீட்டில் நான்தான் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துக் கதைத்துக்கொண்டு திரிந்தேன்.

எண்பதுகள் தொடங்கிய நேரம் தம்பி ஒரு பிரிட்ஜ் வாங்கிக்கொண்டு வந்தான். ஊர்ச்சனம் வந்து ஐஸ் தண்ணீர் குடித்துவிட்டுப் போனது. ஐயா ஒரு மிடறும் குடிக்கவில்லை. ஆனால் அதன் சத்தம் நிற்கும்போதெல்லாம் எங்கே இருந்தாலும் எழுந்து வருவார். கதவைத் திறந்து உள்ளே கையை வைத்துப் பார்ப்பார். திரும்ப ஓடத் தொடங்கும் வரைக்கும் அங்கேயே நிற்பார். சாப்பாட்டில் இருந்தாலும் எச்சில் கையைக் கழுவிவிட்டு வருவார். நான் எவ்வளவோ ஏசிப் பார்த்தேன்.

ஒரு மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சத்தம் நின்றது. ஐயா பாதிச் சோற்றில் எழுந்தார். தம்பி அவர் கை கழுவுவதைப் பார்த்தான். பிரிட்ஜுக்குள் கையை வைத்தபடி அவர் நிற்பதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு போய் ஐயாவுக்குப் பக்கத்தில் நின்றான்.

"நீங்கள் போய் இருந்து சாப்பிடுங்கோ ஐயா. தொடங்குமட்டும் நான் பக்கத்திலை நிக்கிறன்."