நீல ரத்தத்துக்கு ஒரு நிமிஷம்

ஜெயசுதா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கச்சிராயபாளையத்தில் எனக்கு அடுத்த வீடு. டீயை நின்றபடி குடிப்பாள், சோற்றை நடந்தபடி தின்பாள். கணவர் போன பிறகு பதினோரு வருஷமாகக் கடலூர் துறைமுகத்தில் மீன் எடுத்து வந்து இங்கே தெருத்தெருவாக விற்கிறாள். "குந்துனா தூக்கம் வந்துடும் சாரு, தூங்கிட்டா மீன் நாறிடும்" என்பாள்.

எங்கள் ஊரில் மீன் வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. கடல் நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் யாரும் யாரையும் நம்புவதில்லை. முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பாக இருந்தால் வியாபாரம், இல்லாவிட்டால் சண்டை.

போன மாசம் கணவாயோடு கலந்து ஒரு பேய்க்கணவாய் வந்துவிட்டது. எட்டுக் கால் ஆக்டோபஸ்தான். பக்கத்துத் தெரு கலையரசி ஆசைப்பட்டு வாங்கிப் போனாள். வீட்டில் அறுத்தால் ஒரு சொட்டு சிவப்பு இல்லை, தட்டெல்லாம் வெளிர்நீலம். மருந்தில் ஊறவைத்த மீன் என்று முடிவுகட்டி, படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். மூன்று நாள் ஜெயசுதாவிடம் ஒருவரும் மீன் வாங்கவில்லை. பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. அவள் வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

நான் விலங்கியல் வாத்தியார். சும்மா இருப்பேனா? கலையரசி வீட்டுக்கே போய் விளக்கினேன். நம் ரத்தத்தில் இரும்பு, அதனால் சிவப்பு. அதன் ரத்தத்தில் செம்பு, அதனால் நீலம். இதயமும் ஒன்றல்ல, மூன்று. செவுளுக்கு இரண்டு, உடம்புக்கு ஒன்று.

"அறிவுச்செல்வன் சாரு, மூணு இதயம், நீல ரத்தம்னு பள்ளிக்கூடத்துப் புள்ளைங்ககிட்ட சொல்லுங்க, நம்பும்" என்று கலையரசி கதவைச் சாத்தினாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் பன்னிரண்டு வருஷமாக அந்தப் பாடத்தை நடத்துகிறேனே தவிர, நானும் ஒன்றைக்கூட அறுத்துப் பார்த்தவனில்லை.

நடந்ததை ஜெயசுதாவிடம் சொன்னேன். அவள் நடையை நிறுத்தவில்லை. "உசுரோட ஒண்ணு கொண்டாந்து அந்தக்கா எதுர்லயே அறுக்கிறேன். அப்பயும் நம்பலன்னா இந்தத் தொழிலே வாணாம் சாரு. வேற ஊருக்குக் கூலிக்குப் போறேன்."

சனிக்கிழமை நானும் கடலூருக்குக் கூடப் போனேன். திரும்பி வரும்போது பெயிண்ட் வாளியில் கடல்தண்ணீர், உள்ளே பேய்க்கணவாய், மேலே மூடி, மூடிமேல் அவள் கை. எலும்பே இல்லாத உடம்பு அது. மீன் வேன் பண்ருட்டி தாண்டுவதற்குள், விரல்கூட நுழையாத சந்தில் ஒரு கால் வெளியே வந்து அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. அதைப் பிடுங்கி உள்ளே விட்டால் இன்னொரு கால் வந்தது. மிச்ச நேரமெல்லாம் வாளிக்குள் முட்டி மோதி நீந்தியது.

"இது நீந்தும்போது உடம்புக்கு ரத்தம் தள்ளுற இதயம் நின்னுடும். சீக்கிரம் களைச்சுப்போகும். அதனாலதான் கடல்ல பெரும்பாலும் தவழ்ந்தே போகுது" என்றேன்.

"சும்மா கெடயேன் சனியனே, செத்துடப்போற" என்று வாளியிடம் கெஞ்சினாள். பிறகு என்னைப் பார்த்து, "என்னாட்டமே இருக்குது சாரு" என்றாள்.

திருநாவலூர்ப் பக்கம் வரை துள்ளிக்கொண்டிருந்தது. கள்ளக்குறிச்சியைத் தாண்டும்போது மணிக்கட்டில் இருந்த பிடி விட்டுப்போயிற்று, உயிரும் போயிற்று. அவள் அழுதேவிட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் கூட்டம் காத்திருந்தது. குழுவில் சேதி போட்டுக் கூட்டியது வேறு யார், நான்தான். ஜெயசுதா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெள்ளைத் தட்டை வைத்தாள். பை போன்ற உடம்பைப் பிளந்து, நான் காட்டிய நடு இதயத்தைக் கத்தி முனையால் கீறினாள். வழிந்தது வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது. சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை.

"இன்னா சாரு, கலரையே காணோம்?" என்று யாரோ சிரித்தார்கள். முன்னால் நின்ற கலையரசி உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

ஜெயசுதா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "ஒரு நிமிசம் நில்லுக்கா. ஒரே நிமிசம்." அந்த நிமிஷத்தில் என்ன நடக்கும் என்று அவளுக்கும் தெரியாது. விட மனசில்லாமல் பிடித்தாள், அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் அவள் அசையாமல் நின்று நான் பார்த்தது அப்போதுதான்.

தட்டின் ஓரத்தில், ரத்தம் மெல்லிசாகப் பரவியிருந்த இடத்தில், முதலில் நிறம் ஏறியது. பிறகு நடுவிலும். காற்றுப் பட்டால்தான் அந்த ரத்தம் நீலமாகும் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வாத்தியார் வேலைக்கே வெட்கம்.

"அய்ய, எங்கூட்டுத் தட்டுல இருந்த அதே கலரு. மருந்துன்னா அறுத்தவுடனே நீலமா இருக்கணுமே" என்றாள் கலையரசி. குழுவில் போட்ட படத்தை அங்கேயே நின்று அழித்தாள். பிறகு, "அரைக் கிலோ சங்கரா போடு" என்று மீன் பெட்டிமேல் குனிந்தவள், கைப்பழக்கத்தில் செவுளைத் தூக்கினாள்.

"யக்கா, பதினோரு வருசமா உங்கூட்டுக்கு மீன் போடுறேன்" என்றாள் ஜெயசுதா. "செவுளையே பாத்துக்கினு இருக்கிறியே, ஒரு தபா என் மூஞ்சியப் பாரு."

கலையரசி செவுளை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.