பைப் புகையிலைக்கு ருசி சொல்லச் சூளகிரி போனேன்

சூளகிரிக்கு நான் போனது கோயிலுக்கு அல்ல, வேலைக்கும் அல்ல. புகையிலையை ருசி பார்த்து எது நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்காகப் போனேன். 2008 செப்டம்பர், நோன்பு மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. அந்தப் பக்கம் புகையிலை வாங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். என்னைப் போல் குழம்பாமல் போய்வரலாம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். மணப்பாறைப் பக்கம் கிணறு வெட்டும் வேலை செய்தவன். போன வருடம்தான் கிருஷ்ணகிரிக்கு மகள் வீட்டோடு வந்தேன். மருமகனுக்கு மாம்பழக்கூழ் கம்பெனியில் வேலை. இங்கே வந்த பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து அறுபத்தேழு வயதில் எழுத்துப் படித்தேன். மருமகனின் கணினியில் ஒற்றை விரலால் தட்டுகிறேன். இந்தப் பத்திக்கு ஒரு காலைப்பொழுது போய்விட்டது. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் திரையில் வந்து நிற்கும்போது மனது நிறைந்துவிடுகிறது.

பழையபேட்டையில் நான் வழக்கமாகப் புகையிலை வாங்கும் கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "பைப் புகையிலை. மூன்று கலவை. ருசி பார்த்துச் சொல்லப் பழக்கமுள்ளவர் தேவை. கபூர் பாய் கடை, சூளகிரி." அதை முழுவதும் நானே படித்தேன். முதல் சொல்லில் கொஞ்சம் நின்றேன். அந்த வாரம்தான் வகுப்பில் தீ, பெட்டி சேர்ந்தால் தீப்பெட்டி, கை, பிடி சேர்ந்தால் கைப்பிடி என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்படியானால் பை, புகையிலை சேர்ந்தால் பைப்புகையிலை. எழுதியவர் நடுவில் கொஞ்சம் இடம் விட்டுவிட்டார், பாவம். பையில் அடைத்து விற்கிற புகையிலை என்று விளங்கிக்கொண்டேன். ஐம்பது வருடமாக வெற்றிலையோடு புகையிலை போடுகிறவன் நான். என்னைவிடப் பழக்கமுள்ளவர் யார்? கடைக்காரரிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். எடை போட்டுக்கொண்டே, "ஆமா, அதான், போய்ப் பாருங்க" என்றார்.

காலை ஒன்பதே முக்காலுக்குக் கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் ஓசூர் பஸ் ஏறினேன். டிக்கெட் எட்டு ரூபாய். இருபத்தைந்து கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். ஜன்னல் ஓரம் உட்காருங்கள், பெயர்ப்பலகைகள் நன்றாகத் தெரியும். எனக்கு ஒரு பலகையைப் பாதி படிப்பதற்குள் பஸ் தாண்டிவிடும். குருபரப்பள்ளியில் ஒரு அம்மா கூடைகளோடு ஏற நேரமானதால் அந்தப் பெயரை மட்டும் கடைசி எழுத்து வரை படித்து முடித்தேன். ஊரே எனக்காக நின்றது போல இருந்தது.

சூளகிரியில் இறங்கி டீக்கடையில் "பைப்புகையிலை எங்கே" என்று கேட்டேன். டீ ஆற்றியவர் பாதியைத்தான் காதில் வாங்கினார். பைப்பா, கம்பெனி உள்ளே இருக்கிறது, ஆட்டோ ஏறுங்கள் என்றார். ஷேர் ஆட்டோவுக்கு ஐந்து ரூபாய். இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய இரும்புக் கேட்டின் முன்னால் இறக்கிவிட்டார்கள். உள்ளே மைதானம் முழுக்க நீல நிறத்தில் பிளாஸ்டிக் குழாய்கள் அடுக்கியிருந்தன. புகையிலையை இத்தனை பெரிய இடத்திலா செய்கிறார்கள் என்று நினைத்தேன். செக்யூரிட்டி கேட்டார், "என்னா சைஸ் வேணும்? எத்தினி இன்ச்சு?"

"வாய்க்குத்தானேப்பா. சும்மா ஒரு விரக்கடை இருந்தாப் போதும்."

"வாய்க்காலுக்கா? அதுக்கு நாலு இன்ச்சு போடணும் பெரியவரே. ஒரு விரலு போட்டா வயலுக்கு எப்போ தண்ணி போறது?"

நான் மறுபடியும் வாய்க்கு என்றேன். அவர் மறுபடியும் நாலு இன்ச்சு என்றார். கடைசியில் என் சுருக்குப்பையைத் திறந்து புகையிலையைக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, கம்பெனிக்குள் இதற்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்.

வெளியே நின்ற ஆட்டோக்காரர் தெலுங்குக்காரர். பையை எட்டிப் பார்த்து "பொகாக்கா?" என்றார். எந்த அக்கா என்று கேட்டேன். அவர்கள் பாஷையில் புகையிலைக்கு அதுதான் பேராம். சிரித்துவிட்டு, கபூர் பாய் கடை கிருஷ்ணகிரி போகிற பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது, நீங்கள் வந்த பஸ் அதைத் தாண்டித்தான் வந்திருக்கும் என்று தமிழில் சொன்னார். இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு கடை வாசலிலேயே இறக்கிவிட்டார்.

கபூர் பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் எத்தனை வருடப் பழக்கம் என்று கேட்டார். ஐம்பது என்றேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்றார். தூங்கும் நேரம் தவிர எப்போதும் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

அவர் நிலைமையைச் சொன்னார். சர்வீஸ் ரோடு போடுவதற்காகக் கடையின் முன்பாதியை எடுக்கப் போகிறார்கள். முகப்புப் போனால் வழியில் போகிற லாரிக்காரர்கள் நின்று வாங்கமாட்டார்கள். பக்கத்துத் தொழிற்சாலையில் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் இருக்கிறார். அவருக்கு வேண்டிய தினுசுப் புகையிலை இங்கே கிடைப்பதில்லை என்று பாய் எட்டு மாதமாகக் கலந்து கலந்து பார்க்கிறார். இது அவருக்குப் பிடித்துவிட்டால் பெங்களூரில் உள்ள அவருடைய நண்பர்களும் வாங்குவார்கள். அதற்கு முகப்பு வேண்டாம், பின்பாதி போதும். பிடிக்கவில்லை என்றால் கடையை மூடிவிட்டு வாணியம்பாடியில் தம்பியின் தோல் மண்டிக்குப் போகவேண்டியதுதான்.

"இன்னிக்கு ரெண்டு மணிக்கு வர்றாரு. அப்படியே ஊருக்குப் பிளேன் ஏறுறாரு. மூணுல ஒண்ணைத்தான் எடுத்து நீட்டணும். நான் நோன்பு மாசத்துல ராத்திரி கூட இதைத் தொடறதில்லை. மூக்கை மட்டும் நம்பிக் கலந்திருக்கேன். நீங்கதான் என் நாக்கு, பெரியவரே" என்றார்.

வாசலில் ஒரு கல் பெஞ்சு. அதில் மூன்று சில்வர் தட்டுகளை வரிசையாக வைத்தார். முதல் தட்டில் மைசூர்ப் பக்கத்து மஞ்சள் இலையோடு மாம்பழச் சாறு சேர்த்தது. இரண்டாவதில் ஆந்திரத்துக் கருப்பு இலையும் கிராம்பும். மூன்றாவதில் வெறும் இலை, கொஞ்சம் தேன். ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டது. கிளம்பும்போது, "பைப்பை நல்லா கழுவி வெச்சிருக்கேன். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல பைப்பைச் சுத்தம் பண்ணிக்கோங்க, ருசி கலந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடையின் பக்கவாட்டில் தண்ணீர்க் குழாய் இருந்தது. எங்கள் ஊரிலும் அதைப் பைப் என்றுதான் சொல்வோம். நல்ல சுத்தக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, முதல் தட்டில் அள்ளுவதற்கு ஏதாவது உண்டா என்று பார்த்தேன். மரத்தில் செய்த சின்னக் கரண்டி ஒன்று இருந்தது. காம்பு வளைந்திருந்தது. கிண்ணத்தின் அடியில் ஓட்டை. ஓட்டைக் கரண்டியை ஏன் வைத்திருக்கிறார் என்று புரியவில்லை. அதாலேயே அள்ளிப் போட்டேன்.

முதலாவது பஞ்சாமிர்தம் போல இனித்தது. பிறகு ஒன்றுமே இல்லை, சக்கை. துப்பிவிட்டு, குழாயைத் தேங்காய் நார் வைத்துத் தேய்த்துக் கழுவினேன். இரண்டாவது நாக்கைப் பிடித்துச் சுட்டது. ஆனால் காரம் தலைக்கு ஏறியது, இதுதான் புகையிலை என்று தோன்றியது. மறுபடியும் குழாயைத் தேய்த்தேன். வெயிலில் பளபளவென்று ஆகிவிட்டது. மூன்றாவதில் காய்ந்த வைக்கோல் வாசம்தான். மாட்டுக்குப் போடலாம் என்று முடிவு செய்தேன். ஆக, இரண்டாவதே சிறந்தது.

மூன்றாவது வாயில் இருக்கும்போதே வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. மணி ஒன்றுதான் ஆகியிருந்தது. வெள்ளைக்காரர் இறங்கினார். கூட டிரைவர், பெங்களூர்க்காரர். என் வாய் நிறைய எச்சில். பேச முடியாமல் தட்டுகளைக் கையால் காட்டினேன். அவர் என் கையில் இருந்த ஓட்டைக் கரண்டியைப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து அதே மாதிரி ஒன்றை எடுத்தார். அதில் முதல் தட்டுப் புகையிலையை அடைத்தார், காம்பை வாயில் வைத்தார், கிண்ணத்தில் நெருப்பு வைத்தார். புகை வந்தது.

கிணறு வெட்டும்போது சில நேரம் பாறை திடீரென்று உடைந்து தண்ணீர் பீறிடும். அந்த மாதிரி எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. பை இல்லை, பைப். மெல்லுவது இல்லை, குடிப்பது. கழுவச் சொன்னது குழாயையும் இல்லை. வெட்கம் ஒரு பக்கம், மூன்று புகையிலையும் சேர்ந்து தலை சுற்றல் ஒரு பக்கம். குழாயடிக்கு ஓடித் துப்பினேன். தண்ணீரைத் திறந்து தலையைக் கீழே காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. டிரைவர் வந்து நின்று ஏதோ சொன்னார். தண்ணீர்ச் சத்தத்தில் கடைசிச் சொல்தான் கேட்டது. சாக்கந்தே. அவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். கார் ஓசூர்ப் பக்கம் போய்விட்டது. தட்டுகளில் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

தொழுகை முடிந்து பாய் வேகமாக வந்தார். வழியில் காரைப் பார்த்திருக்கிறார். நான் சந்தோஷமாகச் சொன்னேன், "பாய், ஒரு சாக்குப் புகையிலை கேட்டுருக்காரு."

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எதுல? எந்தத் தட்டுல?"

தெரியவில்லை என்றேன். டிரைவர் சொன்னதை அப்படியே சொல்லச் சொன்னார். சாக்கந்தே என்றேன். பாயின் கை தளர்ந்தது.

"அது கன்னடம் பெரியவரே. சாக்குன்னா போதும். போதும்னு சொல்றாருன்னு அர்த்தம்."

அவர் கல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், "அதுக்கு முன்னாடி 'இதே'ன்னு ஒரு வார்த்தை வந்துச்சா? இதே சாக்குன்னா, இது ஒண்ணே போதும், வேற பாக்க வேணாம்னு ஆகும். வெறும் சாக்குன்னா ஆளை விடுன்னு ஆகும். நல்லா யோசிங்க."

யோசித்தேன். என் காதில் தண்ணீர்தான் கேட்டது. வந்தது என்று சொல்லிவிடலாம், அவர் முகம் தெளியும். ஆனால் கேட்காததைக் கேட்டேன் என்று எப்படிச் சொல்வது? தெரியவில்லை பாய் என்றேன். நோன்பு இருக்கிறவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்க முடியாது. என்ன செய்வதென்று தெரியாமல், வெள்ளைக்காரர் தட்டிவிட்டுப் போன சாம்பலையாவது பெருக்கலாம் என்று விளக்குமாற்றை எடுத்தேன்.

"கை வெக்காதீங்க" என்றார் பாய்.

ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் ஒரு சாம்பல் குவியல் இருந்தது. பாய் குனிந்து பார்த்தார். முதல் தட்டுப் பக்கம் இருந்தது பாதிக்கு மேல் கருகாத இலை. இரண்டாவதும் அப்படித்தான், இரண்டு இழுப்போடு கொட்டியிருக்கிறார். மூன்றாவது தட்டுப் பக்கத்தில் வெள்ளைச் சாம்பல் மட்டும். விரலால் கிளறினார். திருநீறு மாதிரி இருந்தது, ஒரு நார் இல்லை.

"ஆளை விடுன்னு போறவன் அடி வரைக்கும் இழுத்துட்டா போவான்?" என்றார். என்னிடம் கேட்டாரா, தனக்குத் தானே கேட்டுக்கொண்டாரா என்று புரியவில்லை. பிறகு என் தீர்ப்பைக் கேட்டார். இரண்டாவதுதான் சிறந்தது, மூன்றாவது மாட்டுக்கு என்று உள்ளதைச் சொன்னேன்.

"நல்ல வேளை, உங்க பேச்சைக் கேட்டு நீட்டலை" என்றார். அன்று முதல் தடவையாகச் சிரித்தார். அப்புறம் பக்கவாட்டில் போய், பளபளக்கிற குழாயைப் பார்த்துவிட்டு வந்து மறுபடியும் சிரித்தார். ஆனால் மூன்று மணி பஸ்ஸுக்கு என்னை ஏற்றிவிட வந்தபோது முகத்தில் பழைய கவலை வந்துவிட்டது. சாம்பல் ஆர்டர் கொடுக்காது அல்லவா. ஊர் வரும்வரை நான் ஒரு பலகையும் படிக்கவில்லை. இதே, இதே என்று ஒரு சொல்லைக் காதுக்குள் தேடிக்கொண்டே வந்தேன். இன்னும் அகப்படவில்லை.

எழுத்துத் தெரிந்துவிட்டால் உலகம் தெளிவாகிவிடும் என்று நினைத்திருந்தேன். தெளிவாகவில்லை. ஆனால் முன்பு மற்றவர்கள் என்னைக் குழப்பினார்கள், இப்போது நானே படித்துக் குழம்புகிறேன். இதில் ஒரு ருசி இருக்கத்தான் செய்கிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சூளகிரிக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். ஊருக்கு ஒன்றரை கிலோமீட்டர் முன்னாலேயே இறக்கிவிடச் சொல்லுங்கள், ஆட்டோக் காசு மிச்சம். யாரிடமும் பைப் என்று கேட்காதீர்கள், கபூர் பாய் என்று கேளுங்கள். மெல்லுகிற புகையிலை அவரிடம் இப்போது கிடைக்காது, கேட்டால் என் பேரைச் சொல்லிச் சிரிப்பார். போன வாரம் போயிருந்தேன். கடையின் முகப்பு இல்லை, அந்த இடத்தில் தார் போட்டுவிட்டார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் கடை இருப்பதே தெரியாது. பக்கத்துச் சந்தில் நுழைந்து பின்கதவைத் தட்டவேண்டும். சனிக்கிழமை மட்டும் பதினொரு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். அதற்குமேல் பெங்களூர்க் கார்கள் வந்து சந்து முழுக்க அடைத்துக்கொள்கின்றன, ஆள் நுழைய வழி இருக்காது.